காரைக்குடிப் பக்கத்துக் கிளை நூலகம்: திருநர் வாசகருக்கு எந்த அளவுக்கு ஒத்துவரும்?

செட்டியார் வீடு ஒன்றில் இயங்கும் கிளை நூலகம் இது. செய்தித்தாள்கள் திண்ணையிலேயே கிடக்கின்றன. யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம். திருநங்கையரும் திருநம்பியரும் கூச்சமில்லாமல் வரக்கூடிய இடம் அந்தத் திண்ணைதான். முகப்பைத் தாண்டினால் சிக்கல் தொடங்குகிறது.

உறுப்பினர் படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள். புத்தகம் இரவல் தருவதற்குப் பாலினம் எதற்கு என்பது தனிக் கேள்வி. கட்டத்தை வெறுமையாக விட்டாலும் படிவத்தை வாங்கிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய தடை பிணையர் கையெழுத்து. அரசு ஊழியரோ சொத்துவரி கட்டுபவரோ போட வேண்டுமாம். வீட்டைவிட்டு வந்து வாடகை அறையில் இருப்பவருக்கு யார் போடுவார்கள்? சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. வாடகை வழியே அதில் குடியிருப்பவர் பங்கும் உண்டு. 2008-இல் அமைந்த திருநங்கைகள் நல வாரியத்தின் அடையாள அட்டையை ஏற்று, காப்புத்தொகையைச் சற்றுக் கூட்டி வாங்கினால் பிணையே தேவைப்படாது.

உறுப்பினர் அட்டையில் பெயர் மாற்றித் தருகிறார்கள், பாராட்டலாம். ஆனால் புது எண் போட்டுப் புது அட்டை தருவது தவறான வழி: காப்புத்தொகையும் திருப்பாத புத்தகங்களும் பழைய எண்ணிலேயே தங்கி, ஒவ்வொரு முறையும் பழைய பெயரைச் சொல்லி விளக்க வேண்டியதாகிறது. அதே எண்ணில் பெயரை மட்டும் திருத்த வேண்டும். பேரேட்டில் கோடு போட்டு அடித்தால் பழைய பெயர் அப்படியே தெரியும். மேலே தாள் ஒட்டுவதே சரி. தவணை தாண்டிய புத்தகத்துக்கு அஞ்சலட்டை போடுவதுதான் ஆபத்து. அது பழைய முகவரிக்குப் போய், வீட்டுக்குத் தெரியாததைத் தெரியப்படுத்திவிடும். கைபேசிக்குக் குறுஞ்செய்தி போதுமா என்று சேரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

வளவின், அதாவது உள்முற்றத்தின், நடுவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுற்றியுள்ள நான்கு தாழ்வாரங்களுக்கும் கேட்கும். எண் சொல்லிக் கூப்பிடலாமே.

மகளிர் பகுதியில் திருநங்கையர் உட்காரலாமா என்பதற்கு ஊழியருக்கு ஊழியர் பதில் மாறுகிறது. சுவரில் ஒரு வரி எழுதி வைத்தால் தீர்ந்தது. கழிப்பறை இரண்டாங்கட்டுக்குப் பின்னால், ஒருவர் மட்டும் போகக்கூடியது. நல்ல அமைப்பு, கெடுப்பது சாவி. மேசையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உட்புறத் தாழ்ப்பாளும் விளக்கும் சரியாக இருந்தால் வெளிப்பூட்டு எதற்கு?

திருநர் பற்றிய நூல்கள் சில மருத்துவ வரிசையில், சில நூலகர் அலமாரிக்குள். ‘கேட்டால் எடுத்துத் தருவோம்’ என்பது இங்கே உதவாது. கேட்பதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 306.768 என்ற எண் இதற்கென்றே இருக்கிறது. தன்வரலாறுகள் மற்ற வாழ்க்கை வரலாறுகளோடு திறந்த அடுக்கில் நிற்கட்டும். எவற்றை வாங்குவது என்று தெரியவில்லையென்றால், திருநங்கை எழுத்தாளர் பிரியா பாபு மதுரையில் நடத்தும் திருநர் ஆவண மையத்தின் நூலகத்தைப் பார்த்து வரலாம். திருநரைக் குறிக்கும் அதிகாரபூர்வச் சொற்களுக்கு 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் வந்த பட்டியல் இருக்கிறது. மேசைக்கு ஒரு படி போதும்.

இப்போதைக்கு உட்கார்ந்து படிக்கத் தாராளமாகப் போகலாம். இரவல் வேண்டுமென்றால் பிணையருக்கு முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், முகவரிக் கட்டத்தில் அஞ்சலட்டை போக வேண்டிய இடத்தை யோசித்து எழுதுங்கள்.