எஸ்90வி ஸ்டீல் என்று சொல்லி மலிவான டி2 ஸ்டீலை விற்றுவிட்டார்கள், பவுடர் ஸ்டீல் வாங்குகிறவர்கள் படியுங்கள்

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. நேற்று ராத்திரி வந்த கடைசிப் பதிலைப் படித்த கையோடு எழுதுகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கத்தி செய்பவர்களுக்கென்றே ஸ்டீல் விற்கிற ஓர் ஆன்லைன் சந்தையில், ஒரு தனி விற்பனையாளரிடம் ஆறு எஸ்90வி பட்டைகள் வாங்கினேன். உலோகப் பொடியை அழுத்திச் செய்கிற பவுடர் ஸ்டீல் அது, வனேடியம் மட்டும் 9 சதவீதம் இருக்கும். விலையும் அதற்கேற்றதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஸ்டீலில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஆலை கொடுக்கிற சான்றிதழைக் கேட்டேன், உடனே அனுப்பினார். அப்புறம் அவரே போன் செய்தார். "கிரைண்டர்ல எந்த பெல்ட் போடுறீங்க? 36 நம்பர் செராமிக் பெல்ட்ல ஆரம்பிங்க. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடியே முடிஞ்ச அளவு இழைச்சிடுங்க, அப்புறம்னா கை விட்டுப்போயிடும்." தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சு. அதில்தான் விழுந்தேன். அன்றைக்கே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

முதல் பட்டையை கிரைண்டரில் வைத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வனேடியம் கார்பைடு, பெல்ட்டில் இருக்கிற அலுமினியம் ஆக்சைடு மணிகளைவிடக் கடினமானது. அதனால் எஸ்90வி-யில் பெல்ட் சீக்கிரமே மழுங்கும், பிளேடு சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். இங்கே ஒரே பெல்ட்டில் இரண்டு பிளேடுகளுக்கும் சரிவு இழைத்து முடித்தேன், பெல்ட் அப்படியே இருந்தது. நல்ல பெல்ட் என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்து ஹீட் ட்ரீட்மென்ட். ஸ்டெயின்லெஸ் தகட்டில் பொதிந்து உலையில் 1150 டிகிரி, அலுமினியத் தட்டுகளுக்கிடையே அழுத்திக் குளிர வைத்தல், இரண்டு முறை டெம்பர் (குறைந்த சூட்டில் மறுபடி வைப்பது), எல்லாம் முறைப்படி. கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவில் 60 வர வேண்டியது, 50-ஐக்கூடத் தொடவில்லை. அரம் வைத்தால் கடிக்கிறது.

விற்றவரிடம் கேட்டேன். "உங்க உலைதான் பொய் சூடு காட்டுது" என்றார். நம்பினேன். உலையின் வெப்பமானியை மாற்றி, மூன்றாவது பட்டையையும் பாழாக்கினேன். அந்த நாலு நாள் என் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேனே, அதுதான் பணத்தைவிட எரிகிறது.

கடைசியில் பழைய உலோக வியாபாரி ஒருவரிடம் இருந்த, உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டுகிற எக்ஸ்ரே துப்பாக்கியை வைத்துப் பார்த்தோம். குரோமியம் 12 சதவீதத்துக்குக் கிட்டே. வனேடியம் 0.8 சதவீதம். கணக்குப் பார்த்தால் டி2 மாதிரிதான். டி2-வுக்கு 1010 டிகிரியை ஒட்டிய சூடு போதும். 1150-இல் வைத்தால், குளிர்ந்த பிறகும் கடினமாக மாறாத ஆஸ்டினைட் நிறையத் தங்கி, மெத்தென்று போய்விடும். என் உலையில் ஒரு கோளாறும் இல்லை.

அளவீட்டைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "வெட்டின பட்டையைத் திரும்ப எடுக்கிறதில்லை" என்றார். வெட்டாமல் எப்படித் தெரியும்? "மீதி மூணும் முழுசா இருக்கே, அதையாவது எடுத்துக்குங்க" என்றேன். பதில் இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் விற்பனையாளரிடமே பேசச் சொன்னார்கள். மறுபடி எழுதியதற்கு, புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டதாம். அந்தக் கெடு முடிந்ததே, என் உலையைக் குறை சொல்லி விற்றவர் இழுத்தடித்த நாட்களில்தான். இரண்டு மாதச் சம்பளத்துக்கு அவர்கள் கொடுத்த பதில் இரண்டு வரி.

பிறகுதான் சான்றிதழைத் திரும்பப் பார்த்தேன். அதில் போட்டிருந்த தடிமன் 3.2 மில்லிமீட்டர். என் கையில் இருக்கிற பட்டை 4.5. வேறு யாருடைய சரக்குக்கோ கொடுத்த தாள்.

விரிவாக எழுத இப்போது மனசில்லை. சான்றிதழில் உள்ள தடிமனைப் பட்டையோடு ஒப்பிடுங்கள். முதலில் ஒரே ஒரு பட்டை வாங்குங்கள். வெட்டும் முன்பே எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள், கெடு முடிவதற்குள். பெல்ட் மழுங்காமல் ஓடினால் கிரைண்டரை அங்கேயே நிறுத்துங்கள்.