புற்றுநோயோ என்ற பயத்தில் தேடும்போது: எந்த இணையச் சேவை எதற்கு உதவும்?

அறிகுறியைப் பதிந்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகளுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. 2015-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜேயில் வெளியான ஆய்வு, இப்படிப்பட்ட 23 சேவைகளை விடை தெரிந்த 45 நோயாளி விவரங்களைக் கொடுத்துச் சோதித்தது. சரியான நோய் முதலிடத்தில் வந்தது 34 சதவீத முறைதான். எவ்வளவு அவசரமாக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற ஆலோசனை 57 சதவீத முறை சரியாக இருந்தது. அதன்பின் செயலிகள் மாறிவிட்டன, உண்மைதான். ஆனால் கட்டியைத் தொட்டுப் பார்க்க எந்தச் செயலியாலும் முடியாது. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அது சொன்ன பிறகும் அறிகுறி போகவில்லையென்றால், அந்தப் பதிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அறிகுறி மட்டும் இருக்கும் நிலையில் நாங்கள் முதலில் கைகாட்டுவது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் தளத்தை. 'இது என்ன நோய்' என்பதைவிட 'எப்போது போக வேண்டும்' என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. இருமலோ வாய்ப்புண்ணோ மூன்று வாரமாகியும் ஆறவில்லையா, காட்டுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒருமுறை, துளியளவு, வலியே இல்லை என்றாலும் காட்டுங்கள். வலி இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பக்கத்தின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கும். எந்தத் தளமானாலும் அதைப் பாருங்கள். என்எச்எஸ் தளத்திலுள்ள தொலைபேசி எண்கள் பிரிட்டனுக்கு மட்டுமே.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிடிக்யூ என்ற புற்றுநோய்த் தகவல் பக்கங்கள் ஆழமானவை. நோயாளிக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று என இரண்டு வடிவம் உண்டு. ஆனால் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) முடிவு வருமுன் அவற்றைத் திறக்க வேண்டாம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் (நோய் தெரிந்து ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்களின் பங்கு) என்பது பல ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களின் கணக்கு. நோயின் வகையும் நிலையும் தெரியாமல் அதைப் படித்தால் தூக்கம்தான் போகும்.

சமூக ஊடகப் பதிவுகள் வேண்டவே வேண்டாம். நான்கு புற்றுநோய்களைப் பற்றி அதிகம் பரவிய 200 கட்டுரைகளை 2021-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது, 32.5 சதவீதத்தில் தவறான தகவல். அவற்றுக்குத்தான் வரவேற்பும் அதிகம். இன்னொன்று: மருத்துவத் தளங்களின் நம்பகத்தன்மைக்குத் தரப்பட்ட 'ஹான்கோட்' முத்திரையைப் பார்த்து நம்பாதீர்கள். அந்தச் சான்றிதழ் 2022-இல் நின்றுவிட்டது.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'தலைவலி மூளைக்கட்டி' என்று அடித்தால் மூளைக்கட்டிப் பக்கங்களே வரிசையில் நிற்கும். அது எவ்வளவு அரிது என்பதை அந்த வரிசை காட்டாது. அறிகுறியை மட்டும் அடியுங்கள். ஒரு நல்ல பக்கம் போதும். பிறகு தேடலை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, வளர்கிறதா, எடை எத்தனை கிலோ குறைந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது. அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.