ப்ளூ-ரே வட்டு: கணினியில் ஓட்டுவதா, தனிப் பிளேயர் வாங்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ப்ளூ-ரே வட்டு வாங்கிப் படம் பார்க்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கிற கணினியில் ஒரு ப்ளூ-ரே டிரைவ் மாட்டி, காசு கொடுத்து பவர்டிவிடி போன்ற மென்பொருள் வாங்கி ஓட்டலாம். இல்லாவிட்டால் டிவிக்குக் கீழே வைக்கிற தனிப் பிளேயரை வாங்கிவிடலாம். நான் தனிப் பிளேயர் பக்கம். படத்தின் தரத்துக்காக அல்ல. அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வட்டில் இருக்கிற பூட்டுக்காக.

விலை, இடம், டிரைவ் சுற்றும் சத்தம் எல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்கிற மண்டல எழுத்து மட்டும் நம் ஊரில் தனிக் கவனம் கேட்கிறது. தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், ரீயூனியன், ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் பி மண்டலம். இந்தியா சி. மலேசியா, சிங்கப்பூர், பர்மா ஏ. சென்னையிலிருந்து வருகிற 1080 வட்டில் (சாதாரண ப்ளூ-ரே) சி மட்டும் அச்சிட்டிருந்தால், இங்கே வாங்கிய பிளேயர் அதை ஏற்காது. உறையின் பின்பக்கத்தில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மூன்று எழுத்தும் இருந்தால் எங்கும் ஓடும். அதைவிடக் கூர்மையான படம் தருகிற 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் கணினிக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கிறது: பவர்டிவிடியில் மண்டலத்தை ஐந்து தடவை மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தில் எது இருக்கிறதோ அதுவே நிலைத்துவிடும்.

இனி பூட்டு. ப்ளூ-ரே வட்டில் படம் ஏஏசிஎஸ் என்ற முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஓட்டுகிற மென்பொருளிடம் அதற்கான சாவி வேண்டும். அதோடு, தான் அனுமதி பெற்ற மென்பொருள்தான் என்று டிரைவிடம் ஒரு சான்றிதழையும் காட்ட வேண்டும். சாவி கசிந்துவிட்டால், அதற்குப் பின் அச்சாகிற வட்டுகளில் அது செல்லாது. 2007-இல் வின்டிவிடி என்ற கணினி மென்பொருளின் சாவி வெளியே வந்தபோது இதுதான் நடந்தது. மென்பொருளைப் புதுப்பிக்காதவர்களுக்குப் புது வட்டு திறக்கவில்லை. கசிவு எதுவும் இல்லாவிட்டாலும் கணினி மென்பொருளின் சாவிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். அதனால்தான் புதுப் படம் போட்டதும் "மென்பொருளைப் புதுப்பிக்கவும்" என்று திரையில் வந்து நிற்கிறது. டிரைவோடு இலவசமாக வருகிற பதிப்புக்குப் பெரும்பாலும் சில வருடத்தில் புதுப்பிப்பு நின்றுவிடும். அப்புறம் முழு விலை கொடுத்து அடுத்த பதிப்பு வாங்க வேண்டியதுதான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. தடை செய்யப்பட்ட சான்றிதழ்களின் பட்டியல் புது வட்டுகளிலேயே வருகிறது. டிரைவ் அதைப் படித்துத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். வட்டை வெளியே எடுத்தாலும் பட்டியல் உள்ளேயே இருக்கும். உங்கள் மென்பொருளின் சான்றிதழ் அதில் இருந்தால், நேற்று வரை ஓடிய பழைய வட்டும் இன்று ஓடாது. வட்டில் கீறல், லென்ஸில் தூசி என்று துடைத்துக்கொண்டே இருப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் தீராது, ஏனென்றால் பட்டியல் கணினியில் இல்லை, டிரைவில் இருக்கிறது. மென்பொருளின் புதுப் பதிப்பு ஒன்றே மருந்து.

4கே வட்டு என்றால் கணினி வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முறைப்படி ஓட்ட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும். மேசைக் கணினிகளில் 7 முதல் 10-ஆம் தலைமுறை வரையான சிப்புகளில்தான் இது நடக்கும். 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்துவிட்டது. ஆக, நேற்று வாங்கிய விலை கூடிய கணினி ஓட்டாது, பழையது ஓட்டும். பழையதிலும் பயாஸில் (கணினி எழும்போது திறக்கிற அடிப்படை அமைப்புத் திரை) எஸ்ஜிஎக்ஸை இயக்கி 128 எம்பி ஒதுக்க வேண்டும். படம் இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வழியாகவே வெளியே போக வேண்டும். மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளை 2.0 ஆகவும் எச்டிசிபி 2.2 (கம்பி வழியே போகிற படத்துக்கான நகல் தடுப்பு) தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் பலவற்றில் 1.4 துளைதான். இத்தனையும் சரியாக அமைந்த பிறகும், ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடலாம். இன்டெல், மைக்ரோசாஃப்ட், டிரைவ் செய்தவர், மென்பொருள் விற்றவர் என்று நாலு பேர் கையில் இருக்கிற பூட்டு அது. தனிப் பிளேயரிலும் அதே பூட்டுத்தான், ஆனால் மொத்தப் பொறுப்பும் ஒரே கம்பெனிக்கு.

எச்டிசிபி தகராறு இரண்டு பக்கமும் வரும். 4கே வட்டுக்கு வழியில் இருக்கிற எல்லாமே 2.2 தாங்க வேண்டும். நடுவில் பழைய ஆம்ப்ளிஃபையரோ மலிவான ஸ்ப்ளிட்டரோ இருந்தால் திரை கறுத்துப்போகும், இல்லாவிட்டால் தரம் இறங்கும். முதலில் பிளேயரை நேராக டிவியில் சொருகிப் பாருங்கள். ஆரம்பகால 4கே டிவிகளில் ஒன்றிரண்டு துளைகளுக்குத்தான் 2.2 உண்டு, துளையை மாற்றியும் பாருங்கள். கணினியில் இரண்டாவது மானிட்டர் பழைய விஜிஏ வகையாக இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். திரையைப் பதிவு செய்கிற நிரல் எதுவும் ஓடக் கூடாது.

விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடாதா என்று கேட்பவர்கள் நிறைய. விஎல்சி சாவிகளோடு வருவதில்லை, அதனால் கடையில் வாங்கிய வட்டு அப்படியே திறக்காது. வெளியிலிருந்து சாவிக் கோப்பு தேடிப் போடுவதும் பூட்டை உடைக்கிற நிரல்களும் வேறு கணக்கு. புதுப் படம் வரும்போதெல்லாம் அதே துரத்தல் அங்கேயும் உண்டு.

தனிப் பிளேயருக்கும் பராமரிப்பு இருக்கிறது. வருடத்துக்கு ஓரிரு தடவை ஃபர்ம்வேர் (பிளேயருக்குள் இருக்கிற மென்பொருள்) புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைய வயர் சொருகினால் தானே இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கம்பெனித் தளத்திலிருந்து கோப்பை எடுத்து, எஃப்ஏடி32 முறையில் அமைத்த பென் டிரைவில் போட்டுச் சொருகலாம். பாதியில் கரண்ட் போனால் பிளேயர் திரும்ப எழாமலே போகக்கூடும், ஆகவே லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) இருக்கிற நாட்களில் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கரண்ட் திரும்பும்போது வருகிற எழுச்சிக்கு சர்ஜ் பிளக் கட்டாயம். இன்வெர்ட்டரில் ஓட்டுகிற வீட்டுக்கும் தனிப் பிளேயரே தோது. மேசைக் கணினி இழுக்கிற மின்சாரத்தில் சிறு பங்குதான் பிளேயருக்குப் போகும்.

லண்டனிலிருந்து உறவினர் வாங்கி வந்தாலும் நல்லது: அதே பி மண்டலம், மின்சாரமும் பொருந்தும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வேண்டாம்; அது ஏ மண்டலம், சில பிளேயர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை.

கேம் கன்சோல்களை நான் அதிகம் பழகவில்லை. வட்டுத் துளை உள்ள பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் 4கே வட்டை ஓட்டும், பிஎஸ்4 ப்ரோ ஓட்டாது. அது வரை சொல்லலாம்.

1080 வட்டுகள் மட்டும் வைத்திருந்து, மடிக்கணினியில் ஹெட்ஃபோன் போட்டுப் பார்க்கிற மாணவருக்குக் கணினி போதும். யூஎஸ்பி டிரைவோடு தற்போதைய மென்பொருள் பதிப்பையும் சேர்த்தே விலை பாருங்கள். மேக் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள், ஆப்பிள் ப்ளூ-ரே படங்களுக்கு ஆதரவே கொடுத்ததில்லை.

எல்ஜி, சாம்சங், ஆப்போ என்று ஒவ்வொருவராகப் பிளேயர் சந்தையை விட்டுப் போவதால் பழையது வாங்குகிறவர்கள் கூடுகிறார்கள். அப்படி வாங்கினால் மூன்று அடுக்குள்ள 100 ஜிபி 4கே வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். படத்தின் நடுவுக்கும் கடைசிக்கும் தாவி ஐந்தைந்து நிமிடம் விடுங்கள். தேய்ந்த லென்ஸ் ஆழமான அடுக்கில்தான் திணறும்.