புக்லியோசி: தீர்ப்பை வைத்தா, வழியை வைத்தா?

பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட் பக்கத்து டீக்கடையில் எங்கள் குமாஸ்தாக்கள் இரண்டு கட்சி. அமெரிக்காவில் மேன்சன் கொலை வழக்கை நடத்திய அரசு வக்கீல் வின்சென்ட் புக்லியோசி கெட்டிக்காரர் என்பார் மூத்தவர். "ஏனுங்ணா, ஜெயிச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்பான் இளையவன்.

தீர்ப்பை வைத்துப் பார்த்தால் ஆள் அசகாய சூரர்தான். 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டே இரவில் ஏழு கொலைகள். செய்தது சார்லஸ் மேன்சன் என்பவனின் சீடர் கூட்டம்; அந்த ஏழு பேரில் யாரையும் மேன்சன் தன் கையால் கொல்லவில்லை. ஏவியவனைச் சதி வழக்கில் மாட்ட வேண்டும். கூடப் போன லிண்டா கசாபியனை அப்ரூவராக்கி, நாள்கணக்கில் கூண்டில் நிறுத்தினார். 1971 ஜனவரியில் மேன்சனும் அவன் கூட்டத்து மூன்று பெண்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மரண தண்டனை ஆயுளாக மாறியது வேறு கதை.

வழியைப் பார்த்தால் நெருடுகிறது. இனப்போர் மூட்டத்தான் கொலை என்று அவர் நிறுவிய நோக்கம் இன்றும் சர்ச்சை. வழக்கு ஆவணம் நிருபர் கைக்குப் போன விவகாரத்தில், பொய்ச்சாட்சி சொன்னதாக அவர்மீதே வழக்கு வந்து தள்ளுபடியானது. 1974-ல் இன்னொருவரோடு சேர்ந்து வழக்கைப் புத்தகமாக்கியவரும் அவரே. எனக்கு உறுத்துவது இதுதான்: வாதாடியவரே வரலாறும் எழுதினால் எதிர்த்தரப்பு எங்கே போய்ப் பேசும்?

நான் இளையவன் கட்சி. மூத்தவரோ, "ஒரு அப்ரூவரைப் பிறழாம நிக்க வச்சுப் பாரு தம்பி, அப்புறம் பேசலாம்" என்கிறார்.