180-ல் 50 போனால் 176

போன வாரம் அருணாச்சலில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். எங்கள் ஊர்ப் பையன், குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம். வரும் மார்ச்சில் பென்ஷன் ஆகி வருகிறான். "அண்ணே, எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு வீட்டு லோன் தனியா இருக்காமே. நீங்க எடுத்து அஞ்சு வருசம் தாண்டியாச்சு. எடுக்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பத்து நிமிடம் பேசினேன், அதற்குள் அவன் பக்கம் டவர் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். வங்கியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.

நான் 24 வருஷம் சர்வீஸ், ஹவில்தாராக 2018-ல் வெளியே வந்தேன். அப்போது வயது 43. கிராஜுவிட்டி, பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக முன்கூட்டி வாங்கும் கம்யூட்டேஷன் பைசா எல்லாவற்றையும் போட்டு லிண்டல் மட்டம் வரை வீட்டைக் கொண்டு வந்தாயிற்று. மேற்கூரைக்கும் பூச்சுக்கும் 15 லட்சம் தேவைப்பட்டது. 15 வருஷக் கடன், 180 தவணை, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டி. 2020 பிப்ரவரியோடு முழுத் தொகையும் கைக்கு வந்துவிட்டது. அந்த மாதமே புதுவீட்டுப் பால்காய்ச்சும் முடிந்தது. அடுத்த மாதம் ஊரே அடங்கிவிட்டதால், எங்கள் வீட்டுப் பாயசம்தான் பல பேருக்கு அந்த வருஷத்தின் கடைசி விசேஷச் சாப்பாடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். முன்னாள் படைவீரர் என்பதால் எனக்குப் பிராசஸிங் கட்டணம் வாங்கவில்லை. வட்டியிலும் ஒரு துளி குறைத்தார்கள், துளிதான். ஆனால் பெரிய சலுகை அது இல்லை. பென்ஷன் என்பது மாதம் தவறாத வருமானம் என்று அவர்கள் நம்புவதுதான். என் மச்சினன் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான், என்னைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறான். அவனை ஐ.டி. ரிட்டர்ன், ஸ்டேட்மெண்ட் என்று நாலு மாதம் அலைய விட்டார்கள். எனக்கு பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகலைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். லாக்டவுனில் ஆளாளுக்குத் தவணையைத் தள்ளிப்போட்டபோது நான் போடவில்லை, தேவையும் வரவில்லை. வேலை போன வீடுகளுக்கு நடுவில் பென்ஷன் வந்துகொண்டே இருந்தது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

ஆனால் தம்பி, நம் பென்ஷனை வங்கி எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள். பாதி வரை கம்யூட் செய்யலாம் என்பார்கள், எல்லோரும் செய்வோம். அந்தப் பாதி 15 வருஷம் கழித்துத்தான் திரும்ப வரும். எனக்கு 2033-ல். அகவிலைப்படியை மட்டும் முழுப் பென்ஷனுக்கும் கணக்கிட்டுத் தருகிறார்கள், அது ஓர் ஆறுதல். வங்கி பார்ப்பது கையில் விழும் தொகையைத்தான். நான் கல்லூரியில் செக்யூரிட்டி வேலை பார்த்து வாங்கும் சம்பளத்தை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே 25 லட்சம் கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டாதே. அப்புறம் வீட்டுக்கடனுக்கு வரிச்சலுகை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஹவில்தார் பென்ஷனுக்கு வரியே வருவதில்லை, சலுகையை வைத்து என்ன செய்ய? கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு காப்பீட்டுப் படிவத்தையும் நடுவில் செருகி நீட்டினார்கள். ராணுவக் குழுக் காப்பீடு எனக்கு ஓய்வுக்குப் பிறகும் இருக்கிறது, வேண்டாம் என்றேன். மேனேஜர் முகம் சுருங்கியது. கடன் சுருங்கவில்லை.

பத்திர விஷயத்தில் நடந்தது தனிக் கதை. எங்கள் மனை தாத்தாவின் பாகப்பத்திரத்தில் இருந்து வந்தது. எங்கள் பக்கம் வயசானவர்கள் அதைப் பிரமாணம் என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள் இல்லையா, அதனால் அது முழுக்க மலையாளத்தில் இருக்கிறது. தேதி 1127 மேடம் என்று கொல்லம் ஆண்டில். வங்கியின் வக்கீல் வெளி மாவட்டத்துக்காரர். இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "1127-ஆ? சோழர் காலத்துப் பத்திரமா சார்?" என்றார். 1952 என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு களியக்காவிளையில் ஓய்வு பெற்ற மலையாள வாத்தியார் ஒருவரைப் பிடித்து மொழிபெயர்ப்பு, அதற்கு நோட்டரி, பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் முடிச்சுப் போட வில்லேஜ் ஆபீசுக்கு நாலு நடை. வாத்தியார் கூலி வாங்க மறுத்துவிட்டார். ராணுவக் கேண்டீனில் இருந்து ஒரு குப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், அதை மட்டும் மறுக்கவில்லை. குமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவன் கடனுக்கு அலைவதற்கு முன்னால் மொழிபெயர்ப்பாளருக்கு அலைய வேண்டும். ஊருக்கு லீவில் வரும்போதே இதை முடித்து வை.

சரி, இனி என் வயிற்றெரிச்சல்.

முதல் நாலு தவணை 7.95 சதவீதத்தில் 14,290 ரூபாய். 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது, என் வட்டி 6.80 ஆனது. வங்கி தவணையை 13,340 ஆகக் குறைத்து எஸ்.எம்.எஸ். அனுப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் 950 ரூபாய் மிச்சம்! வீட்டுக்காரியிடம் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை மூன்று முறை காட்டினேன். மீதி 176 தவணை.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-ல் இருந்து 6.50 வரை ஏறியது. என் வட்டி 9.30. ஆனால் மாதம் பிடித்ததோ அதே 13,340. நானும், படைக்காரனுக்கு ஏதோ சலுகை போல, ஏற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கேண்டீன் வரிசையில் நின்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதி எத்தனை தவணை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்தக் கணக்கு எனக்கு 2024 ஏப்ரலில் வந்தது. கட்டிய தவணை 50. மீதி 176.

180-ல் 50 போனால் 130 என்று எங்கள் முளகுமூட்டுச் சந்தையில் மீன் விற்கும் பாட்டி வாய்க்கணக்காகச் சொல்லிவிடும். வங்கிக்கு 176. நாலு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். 46 மாதம் நடந்த ஆள் ஒரு அடி நகரவில்லை. ட்ரெயினிங் சென்டரில் 'கதம் தால்' என்று நின்ற இடத்திலேயே காலைத் தூக்கிப் போடச் சொல்வார்களே, அதைத்தான் மாதா மாதம் பைசா கொடுத்துச் செய்திருக்கிறேன். கட்டியது 6 லட்சத்து 70 ஆயிரம். அசலில் குறைந்தது 2 லட்சத்து 21 ஆயிரம். அறுபது வயதில், 2035 பிப்ரவரியில் முடிய வேண்டிய கடன் 2038 டிசம்பருக்குப் போய்விட்டது.

கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை நல்ல மாதிரி, சிஸ்டம் தானாகச் செய்வது சார் என்றார். இறங்கும்போது தவணையைக் குறைத்ததும் சிஸ்டம், ஏறும்போது காலத்தை நீட்டியதும் சிஸ்டம். இரண்டு முறையும் வங்கிக்கு லாபமான பக்கம் திரும்பத் தெரிந்த சிஸ்டம். பழையபடி 130-க்குக் கொண்டுவர எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்டேன். தட்டிப் பார்த்தார். மாதம் 2,300 ரூபாய்.

இவ்வளவுதான்! 2,300. இதை 2023-லேயே ஒரு வரியில் கேட்டிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேன். 130 மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீட்டிய 46 தவணையைக் கட்டினால் ஆறு லட்சத்துக்கு மேல். வட்டி ஏறியது பற்றி எனக்குப் புகார் இல்லை, ஃப்ளோட்டிங் என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டேன். சொல்லாமல் செய்ததுதான் இன்னும் ஆறவில்லை. மேனேஜரிடம் குரலை உயர்த்திவிட்டேன், அது தப்பு. அவர் அந்தக் கிளைக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தவணையை 15,640 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தேன்.

2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை இறங்கி ரெப்போ 5.50 ஆனது. மறுபடியும் தவணையைக் குறைத்து என்னைக் குஷிப்படுத்திவிடுவார்களோ என்று முந்திக்கொண்டு போய், தவணை அப்படியே இருக்கட்டும், மாதத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். குறைத்தார்கள். இப்போதைய கணக்குப்படி 2034-லேயே முடிந்துவிடும். பழைய தேதிக்குச் சுமார் ஏழு மாதம் முன்னால். தட்டிக் கேட்டால் நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஃப்ளோட்டிங் கடனில் முன்கூட்டிக் கட்டினால் அபராதமும் கிடையாது. ரப்பர் பால் விற்ற பைசா கையில் மிஞ்சும் மாதங்களில் ஐயாயிரம் பத்தாயிரம் என்று அசலில் போடுகிறேன்.

ஒரே ஒரு முறை தவணை திரும்பியது. 2022 ஏப்ரல் பென்ஷன், ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு பதிவாகவில்லை என்று நாடு முழுக்க 58 ஆயிரம் படைப் பென்ஷன்தாரர்களுக்கு மாதக் கடைசியில் வரவில்லை. மே 4-ஆம் தேதிதான் வந்தது. என் தவணைத் தேதி 2. இரண்டு நாள் இடைவெளிக்கு அபராதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. தவணைத் தேதியை 10-ஆகப் போடச் சொல், நவம்பரில் உயிர்ச்சான்றை முதல் ஆளாக முடித்துவிடு.

மச்சினன் மகன் டெக்சாஸில் இருக்கிறான். அவன் பக்கத்து வீட்டுக்காரர் அந்த நாட்டுப் படையில் இருந்தவராம், கையில் இருந்து ஒரு காசு போடாமல் வீடு வாங்கியிருக்கிறார். 1944-லேயே சட்டம் போட்டு, முன்னாள் வீரரின் கடனில் ஒரு பகுதிக்கு அரசாங்கமே ஜாமீன் நிற்கிறதாம். ஒருமுறைக் கட்டணம் ஒன்று உண்டு, பணியில் ஊனமாகி இழப்பீடு வாங்குகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. இங்கே 30 லட்சம் வரையான கடனுக்குக்கூட மனையோடு சேர்த்த மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது, படைவீரனானாலும் சரி. நமக்கு ஜாமீன் நிற்பது நம் பென்ஷனும், தாத்தாவின் 1127-ஆம் பிரமாணமும்தான். அந்தப் பிரமாணம் இப்போது எந்த ஊர்க் கிட்டங்கியில் எந்த அலமாரியில் இருக்கிறதோ. கடன் முடிந்து 30 நாளில் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்சடித்து பி.பி.ஓ.வோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

எடுக்கலாமா என்றுதானே கேட்டாய்? ஐப்பசி மழை கொட்டித் தீர்க்கும் இந்த ராத்திரியில், ஒரு சொட்டு ஒழுகாத கான்கிரீட்டுக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் ஏழு பாத்திரம் வைப்போம். இருந்தும் அந்த 176-ஐ நினைத்தால் வேண்டாம் மக்கா என்றுதான் வாயில் வருகிறது. மனையை விற்காதே, சின்னதாகக் கட்டு, கடன் இல்லாமல் இரு. அதைத்தான் மறுநாள் டவர் கிடைத்ததும் அவனிடமும் சொன்னேன்.

சரிண்ணே என்றான். நேற்று வாட்ஸப்பில் எட்டுப் பக்கம் அனுப்பியிருக்கிறான், பழுப்பேறிய முத்திரைத்தாள், முழுக்க மலையாளம். மேலே 1119 என்று போட்டிருக்கிறது. "அண்ணே, அந்தக் களியக்காவிளை வாத்தியார் இன்னும் இருக்காரா?"