பழைய கேம் போட்டுத் தருகிறோம் என்று லப்டொப்பைக் கேட்கும் கடைகள்: யாழ்ப்பாணத்தார் கவனம்

பழைய கேம்களைத் தேடித் திரிகிற யாழ்ப்பாணத்துப் பெடியள் எல்லாரும் இதை முழுவதும் வாசியுங்கள். ரவுணுக்குள் இருக்கிற ஒரு கடையில் "ஒரிஜினல்" என்று சொல்லி என் லப்டொப்பில் போட்டுத் தந்த ஒரு கேமால் என் பேஸ்புக் கணக்கு பறிபோனது. என் பெயரைச் சொல்லி லண்டனில் இருக்கிற என் நண்பனிடம் காசும் வாங்கிவிட்டார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன், அதே விதத்தில் வேறு கடைகளும் செய்யலாம்.

கேம், ட்ரொபிகோ 2: பைரேட் கோவ். 2003இல் வந்தது. ஏ9 பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலம் அது. கொம்பியூட்டர் இருந்த வீடுகளில் நாங்கள் முறை வைத்து விளையாடிய கேம்களில் இதுவும் ஒன்று. ஊர் கட்டுகிற கேம்கள் எத்தனையோ உண்டு, ஆனால் இதில் நீங்கள் நகரபிதா இல்லை, கடற்கொள்ளைக்காரரின் ராஜா. தீவில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பிடித்து வந்த கைதிகள். மரம் வெட்டுவதும், சோளம் விதைப்பதும், கப்பல் கட்டுவதும் அவர்கள்தான். கொள்ளைக்காரர் தீவில் ஒரு துரும்பையும் தூக்கமாட்டார்கள். கப்பலில் போய்க் கொள்ளையடித்துக்கொண்டு வந்து, தங்கள் பங்குக் காசைக் குடிக்கும் சூதாட்டத்துக்கும் செலவழிப்பார்கள். அந்தக் காசு திரும்ப ராஜாவின் கைக்கு வரவேண்டும் என்றால், அவர்கள் விரும்புகிற கடைகளை விரும்புகிற இடத்தில் கட்டவேண்டும். கைதிகள் தப்பி ஓடாமல் இருக்க அவர்கள் பக்கத்தில் ஒழுங்கும் பயமும் வேண்டும், கொள்ளைக்காரர் பக்கத்திலோ ஒழுங்கே இருக்கக்கூடாது. ஒரே சின்னத் தீவில் இந்த இரண்டையும் வைத்துச் சமாளிப்பதுதான் விளையாட்டு. பணக்காரக் கைதி அகப்பட்டால் மீட்புப்பணம் கேட்கலாம். இப்படி ஒரு கேமை நான் அதற்குப் பிறகு காணவில்லை. திரும்ப விளையாட ஆசைப்படுகிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்தக் கடைக்காரர் பிடித்ததும் அந்த ஆசையைத்தான்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பேஸ்புக்கில் விளம்பரம் வந்தது: "பழைய கேம்கள், ஒரிஜினல் லைசென்ஸ், வாழ்நாள் வொறன்ரி." இந்தக் கேமின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் போட்டிருந்த படங்கள் 2019இல் வந்த ட்ரொபிகோ 6 உடையவை. நேரில் போய்க் கேட்டேன்.

"அண்ணை, படம் வேற கேமின்ர படமெல்லோ?"

"படம் சும்மா வடிவுக்குப் போட்டது தம்பி. கேம் நீங்கள் கேட்டதுதான். லைசென்ஸோட வாற ஒரிஜினல்."

3,500 ரூபா. லப்டொப்பைத் தந்தால்தான் போட்டுத் தரலாம் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பழைய சீடிக் கேம்கள் புது விண்டோஸில் ஓடாது, அதற்கு ஒரு 'செற்றிங்' செய்யவேண்டும் என்றார்கள். இது பாதி உண்மை. அந்தக் காலத்துச் சீடிக் கேம்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை, பழைய விண்டோஸ்களிலும் 2015 செப்டெம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேற் அதை நிறுத்திவிட்டது. மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. இந்தக் கேம் முதலாம் ட்ரொபிகோவுடன் சேர்ந்து ட்ரொபிகோ ரீலோடட் என்ற பெயரில் ஸ்டீம், ஜீஓஜீ (GOG) என்ற இணையக் கேம் கடைகளில் சட்டப்படி விற்பனையில் இருக்கிறது. ஜீஓஜீயில் வாங்கினால் எந்த நகல் தடுப்பும் கிடையாது. யாரும் உங்கள் லப்டொப்பில் 'செற்றிங்' செய்யத் தேவையே இல்லை.

என் கண்முன்னால் கடைப்பெடியன் பென்ட்ரைவைச் செருகியதும் விண்டோஸோடு வருகிற வைரஸ் கார்ட்டான டிஃபென்டர் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. "இது என்ன?" என்று கேட்டேன். "பழைய கேம் எண்டா வைரஸ் கார்ட் இப்பிடித்தான் கத்தும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே டிஃபென்டரை நிறுத்தினான். பில் கேட்டபோது எழுதித் தந்தது "சேர்விஸ் சார்ஜ் 3,500" மட்டும். கேமின் பெயரை எழுதச் சொன்னேன், "சிஸ்டத்தில அப்பிடி அடிக்கேலாது" என்றார்கள்.

வீட்டில் திறந்தால் கேமில் பாட்டு இல்லை, தொடக்க வீடியோ இல்லை, கொஞ்ச நேரம் விளையாடினால் அப்படியே மூடிவிடும். அதைக் கூடத் தாங்கியிருக்கலாம். சில நாளில் பேஸ்புக்கிலிருந்து என்னை வெளியேற்றிவிட்டார்கள். மின்னஞ்சலும் மாற்றப்பட்டிருந்தது. அன்று இரவே என் பட்டியலில் இருந்த வெளிநாட்டு ஆட்கள் எல்லாருக்கும் செய்தி போயிருக்கிறது. நண்பனுக்குப் போனதை அவன் பிறகு அனுப்பினான்: "மச்சான் ஒரு அவசரம், அம்மாக்குச் சீனி கூடி ஆஸ்பத்திரில விட்டிருக்கு, 300 பவுண் மாறித் தாவன், வெள்ளிக்கிழமை போடுறன்." அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்பது உண்மை. நானும் அவனும் எப்போதோ கதைத்ததை வாசித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல், சொன்ன வங்கிக் கணக்குக்குப் போட்டுவிட்டான். ரொறன்ரோவில் இருக்கிற சித்தி மட்டும் பதறிப்போய் அம்மாவுக்கே கோல் எடுத்ததால் அவருடைய காசு தப்பியது. அம்மா அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை.

எனக்கு லொகின் செய்யும்போது போனுக்கு வருகிற ஓரீபி (OTP) இலக்கம் போட்டிருந்தது, பிறகு எப்படி உள்ளே போனார்கள்? கொம்பியூட்டர் படித்த என் மச்சான் லப்டொப்பைத் திறந்து காட்டினான். விண்டோஸ் செக்யூரிற்றியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு, டிஃபென்டர் பார்க்கவே கூடாத இடங்கள் அவை. அதில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. டிஃபென்டரைத் திரும்பப் போட்டாலும் அது எதையும் பார்க்காது. புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கிற டாஸ்க் ஷெட்யூலரில், லப்டொப் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுகிற மாதிரி ஒரு ஃபைல் இருந்தது, கேமின் ஃபோல்டருக்குள்ளேயே. இந்த வகை வைரஸ் பிரவுசரில் சேமித்திருக்கிற பாஸ்வேர்டையும், ஏற்கனவே லொகின் ஆகியிருக்கிற அடையாளமான குக்கியையும் எடுத்து அனுப்பும். குக்கி கையில் இருந்தால் பேஸ்புக் அவர்களை நான் என்றே நினைக்கும், ஓரீபி கேட்கவே கேட்காது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "தம்பி, நீங்கள் வீட்டில வேற ஏதும் டவுன்லோட் பண்ணியிருப்பியள்" என்றார் முதலாளி. எக்ஸ்க்ளூஷன் பட்டியலைக் காட்டினேன். "அது விண்டோஸ் தானாப் போடுறது." முழுப் பொய். விண்டோஸ் ஒருபோதும் முழு டிரைவையும் தானாக விலக்காது. காசையாவது தாருங்கள் என்றேன். பில்லில் கேம் என்று இல்லையே, சேர்விஸ் செய்தோம், முடிந்தது என்றார். பில்லை அப்படி எழுதியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இப்படிப் போட்டு வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ஏதாவது இருந்தால் இன்டர்நெற்றைத் துண்டித்துவிட்டு, அந்த லப்டொப்பில் அல்லாமல் போனில் இருந்து முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும், பிறகு பேஸ்புக், வங்கி எல்லாவற்றினதையும் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலும் லொக் அவுட் செய்யுங்கள், பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவது போதாது. பிறகு படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். கேமை மட்டும் அழித்தால் வைரஸ் போகாது. கணக்கு பறிபோயிருந்தால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101க்கு எடுக்கலாம். கடை ஏமாற்றியதற்கு நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. காசு போயிருந்தால் பொலிஸ் முறைப்பாடும் கட்டாயம் வேண்டும், வங்கி அதைத்தான் முதலில் கேட்கிறது.

கேம் வேண்டும் என்றால் நேரே ஸ்டீமிலோ ஜீஓஜீயிலோ வாங்குங்கள். விலைக்கழிவு நாட்களில் இந்தக் கடை கேட்டதை விட மிகக் குறைவு. கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு மறிக்கப்பட்டிருந்தால் வங்கிக்குச் சொல்லித் திறக்கலாம். ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பும், ஜீஓஜீயில் 30 நாள் வரை.

நண்பனுடைய காசு இன்னும் வரவில்லை. கடையின் விளம்பரம் இன்று காலையும் பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விசேட விலை என்று. அதே கடை என்று சந்தேகப்படுகிறவர்கள் உங்கள் பில்லின் படத்தோடு எனக்குத் தனியே எழுதுங்கள். எல்லாவற்றையும் என் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.