சேலத்தில் ரவுட்டர் டேபிள் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலம் பக்கம் மரவேலை செய்கிறவர்கள், குறிப்பாக வீட்டிலேயே சின்னதாகப் பட்டறை போட்டு வேலை பழகுகிறவர்கள், ரவுட்டர் டேபிள் ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 26,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது வெளியே பார்க்க லட்சணமான மேசை. உள்ளே, பேசிய சரக்கு எதுவும் இல்லை. அதோடு, கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓட ஆரம்பிக்கிற மேசை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், யாருக்காவது விரல் போயிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். சேலத்தில் இரும்பு வேலையும் பர்னிச்சர் வேலையும் சேர்த்துச் செய்கிற இடம் என்பது மட்டும் போதும்.

ரவுட்டர் டேபிள் தெரியாதவர்களுக்கு: ரவுட்டர் என்பது பிட் என்கிற வெட்டும் முனையை வேகமாகச் சுழற்றி மரத்தைச் செதுக்குகிற மிஷின். அதைக் கையில் பிடித்துப் பலகைமேல் ஓட்டுவதற்குப் பதிலாக, மிஷினைத் தலைகீழாக மேசைக்கு அடியில் மாட்டிவிடுவோம். பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பலகையை அதன்மேல் தள்ளிக் காடி (நீளப் பள்ளம்) எடுப்போம், ஓரத்துக்கு டிசைன் போடுவோம். எனக்கு வீடு ஏற்காட்டில். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரம் இங்கே கிடைக்கும், அதில் சமையலறை அலமாரிக்குக் கதவு செய்ய வேண்டும் என்று ஆசை. ஃபிரேம் கதவு செய்ய அரை இஞ்ச் பிட் போடுகிற பெரிய ரவுட்டர் வேண்டும், அதைத் தாங்குகிற மேசையும் வேண்டும். ரெடிமேடாக வருகிற சின்ன மேசைகள் சின்ன மிஷினுக்குத்தான் சரி, நல்லதை இறக்குமதி செய்தால் விலை எங்கேயோ போகிறது. அதனால்தான் சேலத்தில் செய்யக் கொடுத்தேன்.

பேசியது இவ்வளவும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. மேல்பலகை 3 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்குகிற, அடர்த்தியான பலகை) இரண்டை ஒட்டி 36 மி.மீ. கனம், மேலும் கீழும் இரண்டு பக்கமும் மைக்கா. இரண்டு பக்கமும் என்று நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளையும், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். மிஷின் மாட்டுகிற தகடு 10 மி.மீ. அலுமினியம். கால்கள் 40 மி.மீ. ஸ்கொயர் பைப், 14 கேஜ். முன்பக்கம் கைக்கு எட்டுகிற இடத்தில் என்விஆர் சுவிட்ச் (கரண்ட் போய் வந்தால் மிஷினைத் தானாக ஓடவிடாத சுவிட்ச்), மூன்று கோர் வயர், பிரேமுக்கு எர்த். விலை 22,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சொல்லி பட்டறைக்காரர் 26,000 ஆக முழுதாக்கிவிட்டார். "நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க சார், கம்பெனி டேபிளே தோத்துப்போகும், அப்படிப் பண்ணித் தர்றேன்" என்றார். பாதிக்கு மேல் முன்பணம், மீதி மேசையைக் குட்டியானையில் ஏற்றும்போது.

வந்ததும் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. வெல்டிங் சுத்தம், பெயிண்ட் பளபள, ஓரமெல்லாம் பட்டை ஒட்டி 36 மி.மீ. கனம் அப்படியே தெரிகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இரும்பு பிரேம் உண்மையிலேயே நல்ல வேலை, இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் ஒழுங்கு, மூடிவிட்டால் தெரியாத இடமெல்லாம் களவு. செய்தவருக்கு எங்கே ஏமாற்றலாம் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதலில் காட்டிக்கொடுத்தது மரம்தான். சில்வர் ஓக் ரீப்பரில் (ஒடுக்கமான நீளக் கட்டையில்) காடி எடுத்தேன். ஒரே ஆழத்தில் வர வேண்டியது, இரண்டு முனையிலும் ஆழமாகவும் நடுவில் ஆழம் குறைந்தும் வந்தது. பிட்டை இறுக்கிப் பார்த்தாயிற்று, மிஷின் உயரத்தைப் பூட்டிப் பார்த்தாயிற்று, அதேதான். எங்கள் தெருவில் ஒரு ஆசாரி அண்ணன் இருக்கிறார், அவர் வந்து இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை மேசையில் குத்துவாட்டில் நிறுத்தி அடியில் டார்ச் அடித்தார். தகடு இருக்கிற இடத்தில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தாராளமாக வந்தது. "தம்பி, மேச நடுவுல குழி உழுந்திருக்குது, மிஷின் பாரத்த தாங்கல" என்றார். மேசை குழிந்தால் பிட்டும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். நீளமான பலகை குழியின் இரு கரைமேலும் பாலமாகக் கிடக்கும்போது வெட்டு மேலோட்டமாகும், முனை குழிக்குள் இறங்கும்போது ஆழமாகும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கோடை மழை, காற்று, ஏற்காட்டில் கரண்ட் போவதும் வருவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பலகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பலகையை விட்டுவிட்டு சுவிட்சுக்குக் கையை நீட்டினேன், பட்டறைக்காரர் அதை முன்பக்கம் வைக்காமல் பின்காலின் உள்பக்கம் வைத்திருந்ததால் சுற்றிப் போய்க் குனிய வேண்டும். குனிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் போகிற மிஷின் தானாக ஓட ஆரம்பித்து, பிட்டோடு ஒட்டிக் கிடந்த பலகையைத் தூக்கிச் சுவரில் அடித்தது. சுவரில் காரை பெயர்ந்துவிட்டது. அந்த இடத்தில் என் கை இருந்திருந்தால்? பலகையை எடுத்துவிடலாம் என்று என் பையன் கையை நீட்டியிருந்தால்?

என்விஆர் சுவிட்ச் என்பது இதற்காகவே இருக்கிறது. உள்ளே ஒரு காயில் இருக்கும், கரண்ட் இருக்கிற வரை அதுதான் கான்டாக்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும், திரும்ப வந்தாலும் நாம் பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் மிஷின் ஓடும். அவர் மாட்டிக் கொடுத்தது, பச்சை சிவப்பு மூடி போட்ட சாதாரண சுவிட்ச். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் காயிலும் இல்லை ஒன்றும் இல்லை. வயரும் இரண்டு கோர்தான், எர்த்தே கிடையாது. இரும்பு மேசை, மலைப் பிரதேச ஈரம், எர்த் இல்லை. இது ஏமாற்று என்பதைத் தாண்டின விஷயம்.

அதற்கப்புறம் மேல்பலகையைக் கழற்றித் தராசில் வைத்தோம். எச்டிஎச்எம்ஆர் ஒரு கன மீட்டர் 850 கிலோ பக்கம் வரும், தகடு போகிற ஓட்டையைக் கழித்து மைக்காவையும் சேர்த்தால் இந்த அளவுக்கு 16 கிலோவாவது இருக்க வேண்டும். 10 கிலோவுக்குச் சற்று மேல்தான் நின்றது. அடிப்பக்கத்தைப் பெயர்த்ததும் விஷயம் வெளியே வந்தது. மேலே 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, கீழே 6 மி.மீ. பிளை, அதற்குக் கறுப்பு பெயிண்ட். நடுவில் ஓரத்தைச் சுற்றியும் ஓட்டையைச் சுற்றியும் மட்டும் 12 மி.மீ. பட்டைகள், மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. தண்ணீர்ப்பானை மாதிரி உள்ளே காலி. எங்கே பார்த்தாலும் 36 மி.மீ. தெரியும், பிடிப்பு எங்கேயும் கிடையாது. அலுமினியத் தகடும் வெர்னியரில் 6 மி.மீ.தான், அதுவும் நேராக இல்லை. காடிக்குள் பதித்து ஸ்குரூ போட்டுவிட்டால் கனம் தெரியாதே!

போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கிப் பட்டறைக்குப் போனேன். முதலில் "மலைல ஏத்தும்போது இருவது கொண்டை ஊசி வளைவுங்க சார், குலுங்கி வளைஞ்சிருக்கும்" என்றார். சரி, குலுங்கினால் பலகை வளையலாம் என்றே வைத்துக்கொள்வோம், எச்டிஎச்எம்ஆர் பார்ட்டிகிள் போர்டாக மாறுமா? சுவிட்சுக்குள் இருந்த காயில் எந்த வளைவில் விழுந்தது? அதைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. "நீங்க குடுத்த காசுக்கு இதுதான் வரும்." பில் கேட்டால், 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டைக் காட்டுகிறார். ஜிஎஸ்டி என்று 4,000 ரூபாய் வாங்கியாயிற்று, ஜிஎஸ்டி எண் சீட்டில் எங்கேயும் இல்லை.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னப் பட்டறைக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவு இருந்தால் பில்லில் 15 எழுத்து எண் இருக்கும், தமிழ்நாடு என்றால் 33 என்று ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்தேன். அவர்கள் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை, எனக்கு அதில் வேலை நடக்கவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். 2019 ஆம் ஆண்டு சட்டப்படி நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். என் கையில் இருக்கிற பலம் வாட்ஸ்அப் பேச்சும், வங்கி வழியாகப் போன பணமும், தராசில் வைத்த போட்டோவும்தான்.

நீங்கள் மேசை எடுக்கப் போகும்போது பட்டறையிலேயே செய்ய வேண்டியது இது. பிட் மாட்டாமல் மிஷினை ஓடவிட்டு, சுவிட்சைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் நின்றதும் திரும்பச் சொருகுங்கள். தானாக ஓடினால் அது என்விஆர் இல்லை, அந்த இடத்திலேயே பணத்தை நிறுத்திவிடுங்கள். மிஷினை மாட்டின நிலையிலேயே ஸ்கேலைத் தகட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்து டார்ச் அடியுங்கள். தகட்டைக் கழற்றி எடுத்துக் கனம் பாருங்கள். மேல்பலகையை மூடுவதற்கு முன், ஒட்டும்போதே போட்டோ கேளுங்கள், நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒழுங்காகச் செய்கிறவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேசையை இப்போது ஆசாரி அண்ணனும் நானுமாகத் திருத்திவிட்டோம். இரண்டு ஷீட்டை ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க கிளாம்பில் வைத்தோம், இரண்டு பக்கமும் மைக்கா. தகட்டுக்கு அலுமினியம் தேடி அலையாமல் மோட்டார் காயில் கட்டுகிற சாமான் விற்கிற கடையில் 10 மி.மீ. ஹைலம் ஷீட் (ரெசின் ஏற்றி அழுத்திச் செய்த கெட்டித் தகடு) வாங்கி வெட்டினோம், வளையவே இல்லை. என்விஆர் சுவிட்ச் ஆன்லைனில் வந்தது, விலை ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆயிரத்துக்காகத்தான் அந்த மனிதர் இவ்வளவு பெரிய ஆபத்தை என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஏற்கெனவே எங்கேயாவது முன்பணம் கொடுத்துவிட்டு மேசைக்காகக் காத்திருக்கிறவர்கள், இன்றைக்கே பலகை, தகடு, சுவிட்ச், வயர் நான்கையும் அளவோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "ஆமாம், இதுதான்" என்று அவர் கையாலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.